பிராது

கொளஞ்சியப்பா,
வேப்பூருக்குத் தெற்கே மூன்றாவது ஊர்,
விருத்தகிரி மகன் கொளஞ்சிநாதன் எழுதிக்கொண்டது.
உன் பெயரைத்தான் எனக்கும் வைத்தார்கள்
அதனால் கொஞ்சம் உரிமையோடு.

படிக்காசு கிலோமீட்டர் கணக்கு என்றார்கள்.
முப்பத்தொன்று என்று சொல்லிக் கட்டிவிட்டேன்.
டிராக்டரில் வந்திருந்தால் முப்பத்தெட்டு.
பின்னால் மாட்டியிருப்பதன் அகலத்துக்கு
மூன்று தெருவைச் சுற்றித்தான் வர வேண்டும்.

அதைப் பற்றித்தான் பிராது.
ஆறு வரிசை விதைப்பான்.
காற்றால் உறிஞ்சி
துளைக்கு ஒன்றாய் மக்காச்சோளம் போடும்.
உன் முன்னால் பொய் சொல்லக் கூடாது,
அழகாகத்தான் போடுகிறது.
முளைத்து நின்றதைப் பார்த்து
கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்குடா என்று
எனக்கு ஆகாதவனே சொன்னான்.

என் நிலம் ஒன்றே முக்கால் ஏக்கர்.
நான் கேட்டது இரண்டு வரிசை.
இரண்டு இப்போது வருவதில்லை சார்
என்றான் விருத்தாசலம் ஷோரூம் பையன்.
சார் என்று என்னை அதுவரை
யாரும் கூப்பிட்டதில்லை.
நாலு இருக்கிறது, ஆனால் மானியம் ஆறுக்குத்தான்.
மானியம் வந்த மாதம்
மானியத்தின் அளவுக்கு விலையும் வந்திருந்தது.
ஆறை இழுக்க என் பழைய வண்டிக்கு மூச்சில்லை
ஆகவே புது வண்டி.
புது வண்டிக்குக் கொட்டகை வாசல் பற்றவில்லை
ஆகவே கொட்டகை.
சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணமாம்.
எனக்குச் சுண்டைக்காயே மூன்றரை லட்சம்.

சொந்த நிலத்தை ஒன்றரை மணி நேரத்தில் விதைத்துவிட்டு
மீதிப் புரட்டாசி முழுக்க
வாடகைக்கு ஆள் தேடினேன்.
நாற்பது சென்ட்டில் அது திரும்ப
இந்தப் பக்கம் இருபத்தைந்து அடி
அந்தப் பக்கம் இருபத்தைந்து அடி.
விட்டுப்போன மூலைகளைப்
பூங்காவனமும் அவள் மருமகளும் கையால் ஊன்றினார்கள்.
கூலி என் பையிலிருந்து.
'ஆனைய வாங்கிட்டு
வாலுக்கு எங்கள வெச்சிருக்க' என்றாள்.
சிரித்தேன். வேறென்ன செய்ய.

பிறகுதான் அந்த வரப்பு.
அதை எடுத்தால் ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று
குணசேகரிடம் சொன்னேன்.
அதையே போய்த் தில்லைகோவிந்தனிடம் சொன்னேன்.
பதினோரு வருடம் பேசாதவர்கள்
என் வழியாகவே சரி என்றார்கள்.
நாலு வரிசை இவனுக்கு, ஒன்று அவனுக்கு,
ஒன்று
வரப்பு இருந்த இடத்தில்.
ஏர் படாமல் கிடந்த மண்.
ஊரில் எங்கும் அப்படியொரு கதிர் இல்லை.
ஒடிக்கும் அன்று இருவரும்
அந்த ஒரு வரிசைக்குச் சாக்கோடு வந்து நின்றார்கள்.
ஒருவருக்குத் தலையில் நாலு தையல்.
ஸ்டேஷனில் சாட்சி நான்.
வாடகை இன்னும் இருவரும் தரவில்லை,
கேட்கவும் வாய் வரவில்லை.

தாளில் எதிரி பெயருக்கு இடம் விட வேண்டுமாம்.
ஷோரூம் பையன் என்று எழுதினேன்.
இலக்கு எட்டவில்லை என்று அவனை நிறுத்திவிட்டார்கள்.
அடித்தேன்.
பேங்க் மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார்.
கம்பெனி என்றால் ஊர் எழுத வேண்டும்,
விதைப் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கும் ஊரின் பெயரை
என் மகளாலும் வாசிக்க முடியவில்லை.
அவ்வளவு தூரத்துக்குப் படிக்காசு
யாரிடம் கடன் வாங்க?
கொளஞ்சி என்று என் பெயரையே போட்டால்
யார் மேல் யார் கொடுத்தது என்று
நீயே குழம்பிப்போவாய்.

இடத்தைக் காலியாக விட்டு
வேலில் கட்டுகிறேன்.
தொண்ணூறு நாளில் தீர்த்துவைப்பாய் என்கிறார்கள்.
பேங்க்கும் தொண்ணூறு நாள்தான் சொல்லியிருக்கிறது.
இரண்டு எண்ணிக்கையும்
ஒரே திங்கட்கிழமை தொடங்குகின்றன.

இன்னொன்று.
வேறு ஊர்க்காரன் எவனாவது வந்து
இரண்டு வரிசை விதைப்பான் ஒன்று
துருப்பிடித்துக் கிடக்கிறது, விலை போகவில்லை என்று
கட்டியிருந்தால்
என் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.